சீனி இல்லாத மிட்டாய்

சுயம்புராஜின் கையைத் தவிர வேறு எந்தக் கையிலிருந்தும் கைசர் இனிப்பு வாங்காது. அருமனைப் பக்கத்தில் அந்த முக்கு டீக்கடைக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். வாரத்துக்கு ஒருமுறையாவது சுயம்புராஜ் அதைச் செய்து காட்டாமல் விடமாட்டான். கடையின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு லட்டை எடுத்து யார் கையிலாவது கொடுப்பான். அவர்கள் அதை நாயின் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். கைசர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எச்சில் ஊறித் தரையில் சொட்டும், ஆனாலும் வாய் திறக்காது. பிறகு அதே லட்டை சுயம்புராஜ் வாங்கி நீட்டுவான். கண் மூடித் திறப்பதற்குள் லட்டு இருக்காது.

"எனக்க கையில இருந்தா தின்னும். கடவுளே எறங்கி வந்து குடுத்தாலும் தின்னாது. கேட்டியளா?" என்பான்.

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். எப்படிப் பழக்கினாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவான், அதையும் பெருமையாகத்தான் சொல்வான்.

கைசருக்கு முன்னால் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது. ரப்பர் மரங்கள் நிற்கும் விளையின் நடுவே வீடு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. ஷீட் திருட வந்தவர்கள் அலுவாவுக்குள் பூச்சிமருந்தைப் பொதிந்து வேலிக்கு உள்ளே எறிந்திருந்தார்கள். விடிந்து பார்த்தபோது ஜிம்மி தன் நாக்கைத் தானே கடித்துத் துண்டாக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. புகைப்புரையில் ஒரு ஷீட் மிச்சமில்லை. அன்றைக்கு அந்த வழியாகப் பழைய இரும்பு வாங்க வந்த ஒருவனை, நேற்றும் இவன் இங்கே சுற்றினான் என்று சொல்லி சுயம்புராஜ் பிடித்து அடித்தான். அவனுக்கு இரண்டு பற்கள் போயின. திருடியது அவன் இல்லை என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தபோது, "இவன் இல்லேன்னா இவனுக்க சேக்காளி எவனாவது இருப்பான்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டான். சுயம்புராஜ் அப்படிப்பட்டவன். கை முந்தும், காரணம் பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும்.

ஜிம்மியைப் புதைத்த மாதமே கைசரைக் குட்டியாகக் கொண்டுவந்தான். நான்கு மாதம் ஆனதும் பாடம் தொடங்கியது. முற்றத்தில் ஒரு துண்டு அலுவாவைப் போடுவான். குட்டி வந்து மோந்து பார்க்கும். மோந்த மூக்கின்மேல் பிரம்பு விழும். மனைவி சபிதாவிடம் அலுவாவைக் கையில் வைத்து நீட்டச் சொல்வான். அவள் கையில் குட்டி வாய் வைத்ததும் மறுபடி அடி. ஒரு நாள் பிரம்பு குறி தவறி வாயில் பட்டு முன்பல் ஒன்று தெறித்தது. சபிதா அழுதாள்.

"இனி நான் நீட்டமாட்டேன். என்னக் கண்டாலே அது ஒடுங்குது."

"ஏட்டி, அடிக்கது அதுக்க உசிரு நிக்கதுக்குத்தான். இண்ணைக்கு அடி வாங்கினா நாளைக்கு வெஷம் வாங்காது."

அடித்து முடித்ததும் குட்டியை மடியில் போட்டுக்கொள்வான். ஒரு துண்டு கருப்பட்டியைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். வீங்கின வாயால் அது நக்கித் தின்னும். அதைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கும். பாசம் இல்லை என்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் பாசம் காட்டுகிற நேரத்திலும் அவன் பிரம்பைக் கீழே வைத்ததில்லை.

பாடம் பலித்தது. அதன்பிறகு இரண்டு தடவை வேலிக்குள் அலுவா விழுந்தது, இரண்டு தடவையும் கைசர் அதன் பக்கத்தில் நின்று குரைத்ததே தவிர வாய் வைக்கவில்லை. சுயம்புராஜுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் வைத்துச் சத்தியம் மாதிரி ஒன்று சொன்னான்.

"கைசருக்கு எவனாவது வெஷம் வச்சா, எந்தக் கையால வச்சானோ அந்தக் கைய ஒடிச்சு அவனுக்க கழுத்திலேயே மாலையாப் போடுவேன்."

அந்த வார்த்தை யாருக்கு என்று கடையில் இருந்தவர்களுக்குத் தெரியும். வேலிக்கு அப்புறம் ஞானையன் இருந்தார். மாட்டாசுபத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் பசு கன்று போடமுடியாமல் முக்கினால் ஜனங்கள் டாக்டருக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பசுவின் கழுத்தானாலும் ஆட்டுக்குட்டியின் காலானாலும் ரத்தக்குழாயை ஒரே குத்தில் பிடிக்கிற கை அவருடையது.

அந்தப் பேச்சுக்கு முன்பே கைசர் வேலி தாண்டிப் போய் அவருடைய கோழிகளைக் கடித்துக் கொன்றிருந்தது. ஒன்றிரண்டு தடவை பொறுத்தார். மூன்றாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த வெள்ளை வேட்டியோடு, செத்த கோழியைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து சுயம்புராஜின் முற்றத்தில் எறிந்தார்.

"இனி உனக்க நாயி வேலி தாண்டிச்சுன்னா வெஷம் வச்சுக் கொல்லுவேன். பாத்துக்க."

சுயம்புராஜ் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினான். எழுந்த ஞானையன் அதே செத்த கோழியை எடுத்து அவன் முகத்தில் நாலு அடி அடித்தார். இறகுத் தூவல் பறந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பிரித்துவிட்டபோது இரண்டு பேர் முகத்திலும் ரத்தம், ஆனால் அது கோழியின் ரத்தமா மனுஷ ரத்தமா என்று தெரியவில்லை. மறுநாளே ஞானையன் வேலியை ஒரு ஆள் உயரத்துக்குக் கட்டினார். விஷம் வைக்கிற எண்ணம் உள்ளவன் வேலியை எதற்காக உயர்த்துவான் என்று சுயம்புராஜ் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிப்பது அவன் வழக்கமில்லை.

இதற்கு நடுவில் சுயம்புராஜுக்குச் சுகர் வந்தது. சபிதா வீட்டில் இருந்த கருப்பட்டியை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். விளையில் வைத்திருந்த தேன்பெட்டிகளில் எடுத்த தேன், அடுக்களையில் அவன் கைக்கு எட்டாத பரணுக்கு ஏறியது. விரலில் குத்திச் சுகர் பார்க்கிற மிஷின் ஒன்று வந்தது. கருப்பட்டி நின்றதும் கைசருக்கும் நின்றது, டீக்கடை லட்டும் நின்றது. தினமும் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து வந்து துணி துவைக்கிற கல்லில் அவன் உட்காரும் நேரம், அது எதிரே உட்கார்ந்து அவன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தனக்கு இனிப்பு இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை சபிதாவின் தம்பி வினோஜ் ஷார்ஜாவிலிருந்து வந்தான். பெட்டி நிறைய சாக்லேட். அத்தானுக்கு என்று தனியாக ஒரு பாக்கெட், உள்ளே மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மிட்டாய்கள்.

"அத்தான், இது உங்களுக்குன்னே தேடி வாங்கினது. இதிலே ஒரு பொட்டு சீனி கெடையாது. எவ்வளவு வேணும்னாலும் தின்னலாம்."

நாகர்கோவிலில் காலேஜ் படிக்கும் மகள் ஜிஷா அன்று சாயங்காலம் போனில் சொன்னாள். "அப்பா, மாமா கொண்டுவந்த சாக்லேட்ட கைசருக்குக் குடுத்துராதீங்க. நாயிக்கு அது வெஷம். ஆர்ட்டு நின்னுபோவும்."

சுயம்புராஜ் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டான். சாக்லேட் முழுவதையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். வினோஜ் தின்றுவிட்டுப் போட்ட காகிதத்தைக்கூடப் பொறுக்கி அடுப்பில் போட்டு எரித்தான். நாய் விஷயத்தில் அவன் அவ்வளவு கவனம், அதை மறைக்கக்கூடாது. மஞ்சள் மிட்டாயில் சாக்லேட்டும் இல்லை, சீனியும் இல்லை. அப்புறம் அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அவன் நினைத்தான். நம்மில் யாரானாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

மறுநாள் காலை பால்வெட்டு முடிந்து துவைகல்லில் வந்து உட்கார்ந்தான். ஒரு மிட்டாயை வாயில் போட்டான். நல்ல இனிப்பு, நாக்கில் குளிர்ச்சியாக இறங்கியது. எதிரே கைசர் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தது.

"நீயும் நானும் இனிப்பக் கண்டு எவ்வளவு நாளாச்சு மக்கா" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தான். கடித்து நொறுக்கிவிட்டு மறுபடி பார்த்தது. இன்னொன்று. பிறகு ஒரு கைப்பிடி அள்ளி வைத்தான். கைசர் அவன் விரலிடுக்கு வரைக்கும் நக்கித் துடைத்தது. மீதிப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷீட்டுக் கட்டை வண்டியில் ஏற்றி அருமனைக்குப் புறப்பட்டான். சபிதா அப்போது பின்பக்கம் மரங்களில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

ஷீட்டை இறக்கிவிட்டுப் போனை எடுத்தபோது சபிதாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. திருப்பிக் கூப்பிட்டான்.

"கைசரு விழுந்து கெடக்கு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வேகம் வாங்க. நம்ம ஞானையன் அண்ணன்..."

அந்தப் பேரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டான். மேற்கொண்டு அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதைக் கேட்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை அவன் கொடுக்கவில்லை.

வளைவுகளில் வண்டி சாய்ந்து சாய்ந்து வந்தது. எதிரே வந்த பள்ளிக்கூட வேன்காரன் கெட்ட வார்த்தை சொன்னது அவன் காதில் விழவில்லை. வாய் மட்டும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கையை ஒடிப்பேன். கையை ஒடிப்பேன்.

வாசலில் வண்டியை நிறுத்தவில்லை, அப்படியே தள்ளிவிட்டு உள்ளே ஓடினான். துவைகல்லுக்குப் பக்கத்தில் கைசர் ஒருக்களித்துக் கிடந்தது. நாலு காலும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. அதன் தலையை மடியில் வைத்து ஞானையன் உட்கார்ந்திருந்தார். இடது கையால் நாயின் உதட்டைத் தூக்கிப் பிடித்து, வலது கை விரலால் பழுப்பாகக் கெட்டியாக எதையோ ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூடி திறந்த ஒரு குப்பி. சபிதாவைக் காணோம்.

சுவரில், மண்வெட்டிக்குப் பிடியாகப் போடப் புதிதாகச் செதுக்கிய கணை சாத்தியிருந்தது. புளியங்கணை. அதை எடுத்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. ஞானையன் திரும்பிப் பார்த்து வலது கையைக் குறுக்கே தூக்கினார். இரண்டாவது அடி அந்த மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த மரச்சீனிக் கம்பு ஒடிகிற சத்தம் கேட்டது. கை பாதியில் மடிந்து, இருக்கக்கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது.

"இந்தக் கையாலதானே வச்சே? சொல்லுலே, இந்தக் கையாலதானே?"

"லேய் சுயம்பு, கேளு. அதுக்க சுகரு..."

கேட்கவில்லை. ஒடிந்த கையின்மேல் மறுபடி அடித்தான். அறுபத்துமூன்று வயசு மனுஷர் நாயின்மேல் கவிழ்ந்து விழுந்தார். காலால் புரட்டி விலாவில் மிதித்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவது மிதியில் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது அவன் குதிகாலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நாலாவதாக மிதித்தான். தலையைத் தூக்க முயன்றவரின் நெற்றியில் கணையின் நுனி பட்டு, தோல் பிளந்து, ரத்தம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது. அவனுக்கு மூச்சு வாங்கியது. போதவில்லை. கீழே கிடந்த குப்பியைப் பார்த்தான்.

ஞானையனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். தாடையை அழுத்திப் பிடித்துக் குப்பியை வாயில் திணித்தான். கண்ணாடி பல்லில் மோதியது.

"எனக்க நாயிக்கு வச்சத நீ தின்னு. தின்னு பாப்போம். எப்பிடி இழுக்குதுன்னு நீயும் பாரு."

அவர் தலையை அங்கும் இங்கும் ஆட்டினார். மூச்சு முட்டி விழுங்கினார். விழுங்காதது ரத்தத்தோடு சேர்ந்து கழுத்தில் வழிந்தது. சுயம்புராஜ் முழங்காலை எடுக்காமல் காத்திருந்தான். இழுக்கும் என்று காத்திருந்தான். அவர் இருமினார். மறுபடி இருமினார். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

அப்போதுதான், ஞானையன் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்த பொத்தல் வழியாக சபிதா வந்தாள். ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டில், இன்னொரு கையில் ஞானையனின் ஊசிப்பெட்டி. கண்டதும் இரண்டையும் துவைகல்லில் வைத்துவிட்டு வந்து, புருஷனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டாள். விழுந்தவன் எழுவதற்குள் கன்னத்தில் அறைந்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் கை அவன்மேல் விழுந்தது அன்றுதான். மறுபடி அறைந்தாள்.

"அது தேனு. நம்ம பெட்டித் தேனு. பரணில இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். நான்தான் அண்ணன விளிச்சேன். போனில சொல்லதுக்குள்ள வச்சிட்டியளே, பாவி."

அவன் தன் விரலை நக்கிப் பார்த்தான். தேன்தான்.

சபிதா ஞானையனைத் தூக்கித் துவைகல்லில் சாய்த்து உட்காரவைத்தாள். ஆட்டோவுக்குப் போன் போட்டாள். பேசும்போதே அழுதாள். கைசர் விழுந்ததும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அலறியிருக்கிறாள். ஞானையன் சட்டைகூடப் போடாமல் வந்திருக்கிறார். நாயின் கண்ணையும் ஈறையும் பார்த்துவிட்டு, "உனக்க மாப்பிள சுகரு பாக்க மிஷின எடு" என்றிருக்கிறார். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் இருபத்தாறு. ரத்தத்தில் சர்க்கரையே இல்லாமல் நாய் செத்துக்கொண்டிருந்தது. ஈறில் தேனைத் தேய்த்துத் தேய்த்து உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு, குளுக்கோஸ் ஏற்றுவதற்காக அவளைத் தன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் அவள் சொல்லச்சொல்ல சுயம்புராஜ் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

கைசர் மறுபடி விறைத்தது. கழுத்து பின்னால் வளைந்து போயிற்று.

"குளுக்கோஸ ஏத்தணும்" என்றார் ஞானையன். வாயில் ரத்தம் இருந்ததால் வார்த்தை குழறியது. இடது கையால் ஊசியை எடுத்தார். விரல்கள் நில்லாமல் ஆடின. ஊசி தரையில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் விழுந்தது. ஒரு கண்தான் திறந்திருந்தது.

"நீ எடு லேய்."

"எனக்குத் தெரியாது அண்ணே."

"வேற யாருக்குத் தெரியும்? எடு. முன்னங்காலில, முட்டுக்குக் கீழ. சபிதா, மேல அழுத்திப் பிடி. குழாயி பொங்கி வரும் பாரு. சாய்ச்சு, தோலுக்கு அடியில, மெள்ள."

மரத்தின் பட்டையை மட்டும் சீவி, உள்ளே தடியில் படாமல் கத்தியை ஓட்டுகிற கை சுயம்புராஜுடையது. அருமனை வட்டாரத்தில் அவனைப்போல மரத்துக்கு நோகாமல் பால் வெட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் இப்போதுதான் ஒரு மனுஷனை அடித்துப்போட்ட கை, இன்னும் விறைப்பு விடவில்லை. ரத்தக்குழாய் விரலுக்குக் கீழே வழுக்கிப் போயிற்று. குத்தினான். குழாயைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது, தோல் உப்பியது. மற்ற காலில் குத்தினான். ரத்தம் வந்தது, ஊசி நிற்கவில்லை. மறுபடி முதல் காலுக்கு வந்தான். நாய் உதறியது, ஊசி அவன் பெருவிரலிலேயே இறங்கியது.

ஞானையன் தொங்கிக்கொண்டிருந்த தன் வலது கையைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

"விடு. தேனத் தேயி. என்னைய ரெண்டு கடி கடிச்சிட்டு, சபிதா கைக்கும் பல்லத் தெறக்கல்ல. உனக்க கைன்னா வாங்குதான்னு பாரு."

அவருடைய இடது கையில் பல் பதிந்த குழிகளை அப்போதுதான் சுயம்புராஜ் பார்த்தான். நினைவு பாதி தப்பின நிலையிலும் கைசர் பாடத்தை மறக்கவில்லை. உயிர் காக்க வந்த இனிப்பையும் பல்லைக் கடித்துத் தடுத்திருக்கிறது. குப்பியில் ஒட்டியிருந்த தேனை வழித்து அவன் விரலை நீட்டினான். கைசர் மோந்தது. வாய் திறந்தது. நாக்கு அவன் விரலைத் தேடி வந்து நக்கியது, ஒருதரம், இன்னொருதரம். வால் தரையில் ஒரு அடி அடித்தது.

"காலையில என்ன தின்னுச்சு?" என்று கேட்டார் ஞானையன்.

"பழஞ்சோறும் மீனும்" என்றாள் சபிதா.

"இனிப்பு ஏதாவது? வினோஜ் வந்திருக்கான்லா. கல்ஃப் சாமானம் எதாவது?"

"சாக்லேட் ஒக்க, ஒண்ணு விடாம, பூட்டி வச்சிருக்காரு அண்ணே. சாவி அவருக்க இடுப்பிலதான்."

சுயம்புராஜின் இடது கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. பாக்கெட்டை எடுத்து நீட்டினான். ஞானையன் அதைத் திறந்திருந்த கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். ரத்தம் சொட்டி எழுத்தை மறைத்தது. துடைத்துவிட்டுப் படித்தார்.

"சைலிட்டால்" என்றார். "எவ்வளவு குடுத்தே?"

"ஒரு கைப்பிடி. சீனி இல்லாததுதானேன்னு..."

"சீனிக்குப் பகரமா, அதுக்க எடத்தில போடுறது இது. மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது. நாயிக்கு உள்ள போனா, ரெத்தத்தில உள்ள சர்க்கரைய அடியோட எறக்கிப்போடும். அப்புறம் ஈரலு போவும். சாக்லேட்டவிட மோசம் லேய். அதத்தான் பூட்டி வச்சிட்டு இதக் குடுத்திருக்கே."

சபிதா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் சாதாரணமாக, அடுக்களையில் ஏதோ கேட்பதைப்போலத்தான் வந்தது.

"உங்களுக்க கையில தவிர வேற கையில அது இனிப்பு வாங்காதுல்லா. ஊரு முழுக்கச் சொல்லிட்டு நடந்தது நீங்கதானே. பின்ன, ஞானையன் அண்ணன் வச்சாருன்னு எப்பிடி நெனச்சிய?"

கைசர் அவன் விரலை இன்னும் நக்க முயன்றது. காலையில் மிட்டாயை வாங்கிய அதே நம்பிக்கை. பிறகு நாக்கு நின்றது. உடம்பு ஒரேயடியாக விறைத்து, காலெல்லாம் நீண்டு, மூத்திரம் போயிற்று. அவன் தேனைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஈறு வெளுத்துப்போன பிறகும் தேய்த்தான். "கைசரே, மக்கா, வாங்கு மக்கா" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தான்.

"போதும் லேய்" என்றார் ஞானையன். "போச்சு."

ஆட்டோ வந்து வாசலில் நின்றது. சபிதாவும் ஆட்டோக்காரனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை எழுப்பினார்கள். ஒடிந்த கையை அவள் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். நாயைத் தாண்டும்போது அவர் நின்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். வலியால்தான் என்று சொல்லிவிட முடியாது, கோழியைக் கொன்ற நாய் என்றாலும் முப்பது வருஷம் மிருகங்களைத் தொட்டுப் பிழைத்த மனுஷர்.

"எனக்க கைய ஒடிக்காம இருந்திருந்தா ஒரு குத்து போதும் லேய் சுயம்பு. ஒரே குத்து."

அவரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு சபிதா திரும்பி உள்ளே வந்தாள். பையை எடுக்க வருகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் முற்றத்தில் கிடந்த மண்வெட்டிக் கணையை எடுத்தாள். ஒரு நுனியில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"எந்தக் கையால வெஷம் வச்சானோ அந்தக் கைய ஒடிச்சு மாலையாப் போடுவேன்னு சொன்னியள்லா. ஆளு தெரிஞ்சாச்சு. கையும் தெரிஞ்சாச்சு. இந்தாங்க."

சுயம்புராஜ் கணையைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். தேனும் நாயின் எச்சிலும், பெருவிரலில் ஊசி குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தமும் இருந்தன. அடுத்தவன் கை என்றால் யோசிக்காமல் இறங்கிய கணை அது. தன் கை என்று வந்ததும் அதைத் தொடக்கூட அவனுக்குத் தெம்பு வரவில்லை. வலது கையை மெல்ல மடித்து, வயிற்றோடு சேர்த்து, இடது கையால் பொத்திக்கொண்டான்.

சபிதா அதைப் பார்த்தாள். பிறகு கணையை அவன் காலடியில் போட்டுவிட்டுப் போய் ஆட்டோவில் ஏறினாள்.